கடலூரில் சாப்பாட்டு டெலிவரி தொடங்க ரெடிமேட் ஆப் வாங்கலாமா?

"நம்ம ஊருக்குன்னு ஒரு டெலிவரி ஆப்" என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது ரெடிமேட் சாஃப்ட்வேரைத்தான். வாடிக்கையாளருக்கு ஒரு ஆப், ஓட்டலுக்கு ஒன்று, ரைடருக்கு ஒன்று, மூன்றையும் மேய்க்க ஒரு அட்மின் பேனல் என நான்கையும் ஒரே கட்டாக விற்கிறார்கள். சர்வரில் ஓடும் பின்புறம் பெரும்பாலும் லாரவெல், போனில் தெரியும் முன்புறம் ஃப்ளட்டர்; இரண்டும் நிரல் எழுத உதவும் கருவிகள். பெயரையும் லோகோவையும் மாற்றிவிட்டால் ஒரு வாரத்தில் கடை திறந்துவிடலாம் என்பது விற்பவர் வாக்கு. விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் போகிறது.

இங்கே எடைபோடுவது ஒரு கம்பெனியின் சரக்கை மட்டுமல்ல. இந்த வகைத் தொகுப்புகளில் பொதுவாக என்ன கிடைக்கிறது, கடலூரில் எது உடைகிறது, வாங்கும் முன் எதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதே கேள்வி. மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர், செம்மண்டலம், முதுநகர் என்ற கடலூர் வரைபடத்தை அளவுகோலாக வைத்திருக்கிறோம். எல்லை தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு மாறும் விஷயங்களும் இடையிடையே வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆர்டர் வாங்கும் வேலையை இவை நன்றாகச் செய்கின்றன. மெனு, கூடை, கூப்பன், யுபிஐ, ஆர்டர் வரலாறு எல்லாம் கச்சிதம். அவற்றைப் புதிதாக எழுதச் சொல்லிக் காசு கொட்ட வேண்டியதில்லை. வாங்கிய ஆர்டரை அனுப்பும் வேலையில்தான் பாதிக் கிணறு. வரிக் கணக்கும் தமிழும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இல்லை.

ஆறு குறுக்கே ஓடும் ஊரில் வட்டம் எடுபடாது

அட்மின் பேனலில் முதலில் கேட்பது டெலிவரி எல்லை. பல தொகுப்புகள் ஓட்டலை மையமாக வைத்து 5 கிலோமீட்டர் வட்டம் போட்டுவிடுகின்றன. அந்த 5 கிலோமீட்டர் காக்கை பறக்கும் தூரம். கடலூரில் கெடிலம் ஆறு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கடலில் கலக்கிறது. தேவனாம்பட்டினத்துக்கும் முதுநகருக்கும் வரைபடத்தில் இடைவெளி கொஞ்சம்தான். வண்டியில் போக வேண்டுமானால் உள்ளே வந்து, பாலம் ஏறி, திருப்பாதிரிப்புலியூர் வழியாகச் சுற்ற வேண்டும். வட்டக் கணக்கில் 25 ரூபாய் டெலிவரிக் கட்டணம் காட்டிய ஆர்டர், ரோட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு பெட்ரோல் குடிக்கும்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எல்லையைக் கோடு கோடாக வரைய முடியுமா, கட்டணம் ரோட்டுத் தூரத்தில் கணக்காகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மேலே பேசலாம். வரையும்போது ஆற்றையே எல்லையாக வையுங்கள். வடகரை ஒரு மண்டலம், தென்கரை ஒன்று, முதுநகர் தனி. மண்டலம் தாண்டும் ஆர்டருக்குத் தனிக் கட்டணம், அல்லது முதல் மூன்று மாதம் அத்தகைய ஆர்டரே வேண்டாம்.

மண்டலம் வரைவதற்கு மழை இன்னொரு காரணம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை ஆறு பெருகிக் கடலூரின் கரையோரப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரு மண்டலத்தை மட்டும் ஒரே பொத்தானில் மூட முடிய வேண்டும். பல பேனல்களில் ஒவ்வொரு ஓட்டலாகத் திறந்து மூட வேண்டியிருக்கிறது. நாற்பது ஓட்டலை மூடி முடிப்பதற்குள் பத்து ஆர்டர் உள்ளே வந்து நிற்கும். காசு போய்விட்ட ஆர்டர்கள் அவை. ஒவ்வொன்றையும் திருப்பித் தர வேண்டும்.

புதுச்சேரியில் சிக்கல் வேறு மாதிரி. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை. அங்கே மேப்பில் பின் குத்தியிருக்கும் வாடிக்கையாளரிடம் குறுக்குத் தெருவில் வந்து வாங்கிக்கொள்ளும்படி ஆப்பே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நாளில் மகாத்மா காந்தி வீதிப் பக்கம் போகும் ஆர்டருக்கு நேரம் கூட்டிக் காட்ட வேண்டும். நேரத்தைப் பொறுத்து மாறும் மண்டல விதி எந்தத் தொகுப்பில் இருக்கிறதோ அதற்கு ஒரு படி கூடுதல் மதிப்பெண்.

லாபம் நிற்பது ஓட்டல் வாசலில்

உண்மையில் இந்தத் தொழிலின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. தொகுப்பு விற்பவர்கள் யாரும் பேசாத இடமும் இதுதான்.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டின் விலை 250 ரூபாய். ஓட்டலிடம் 15% கமிஷன் என்றால் 37.50. வாடிக்கையாளர் தரும் டெலிவரிக் கட்டணம் 25. அதற்குள் 18% ஜிஎஸ்டி அடக்கம் என்றால் 3.81 போக மிச்சம் 21.19. வரவு 58.69. வாடிக்கையாளர் கட்டும் மொத்தம், சாப்பாட்டின் மேல் 5% ஜிஎஸ்டி சேர்த்து, 287.50. ஆன்லைன் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே அதில் 2% எடுத்தால் 5.75. ஆக, கையில் 52.94.

இனி ரைடர். பெட்ரோல் உட்பட மணிக்கு 100 ரூபாய் என்று வையுங்கள். ஓட்டலுக்குப் போக 6 நிமிடம், அங்கே காத்திருக்க 10, வீட்டுக்குப் போக 10, கதவைத் தட்டிக் கொடுத்து முடிக்க 4. மொத்தம் 30 நிமிடம், 50 ரூபாய். மிச்சம் 2.94. இதில்தான் சர்வர், எஸ்எம்எஸ், கூப்பன், ஆபீஸ் வாடகை எல்லாம்.

காத்திருப்பு 10 நிமிடத்திலிருந்து 4 நிமிடமாகக் குறைந்தால் ஒரு ஆர்டர் 24 நிமிடத்தில் முடியும். ரைடர் செலவு 40, மிச்சம் 12.94. காத்திருப்பு 20 நிமிடமானால் ஒரு ஆர்டருக்கு 40 நிமிடம், செலவு 66.67, கையிலிருந்து 13.73 போகிறது. கமிஷனும் விலையும் தூரமும் அப்படியே இருக்க, பார்சல் கட்டும் மேசை முன்னால் நிற்கும் நிமிடம் மட்டும் லாபத்தை நஷ்டமாக்குகிறது.

ரெடிமேட் தொகுப்புகள் இதை எப்படிக் கையாள்கின்றன? பெரும்பாலும் ஓட்டல் 'ஏற்றுக்கொண்டோம்' என்று தட்டிய நொடியே ரைடரை அனுப்பிவிடுகின்றன. மாஸ்டர் அப்போதுதான் மாவை உருட்டத் தொடங்கியிருப்பார். தயாரிப்பு நேரமோ ஓட்டல் முழுவதற்கும் ஒரே எண், 30 நிமிடம். இட்லிக்கும் 30, வஞ்சிர வறுவலுக்கும் 30.

செய்ய வேண்டியது இதுதான். உணவு வாரியாக நேரம் பதியுங்கள். இட்லி, வடை, பொங்கல், மதியச் சாப்பாடு 5 நிமிடம். தம் இறக்கிய பிரியாணியும் 5. தோசை 8 முதல் 10. பரோட்டா 10 முதல் 12. மீன் வறுவல், ஃபிரைட் ரைஸ் 15. இவை தொடக்க எண்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டலின் வேகத்துக்கும் ஏற்பத் திருத்த வேண்டும். மதியம் 1 முதல் 2 வரையும் இரவு 8 முதல் 9.30 வரையும் 5 நிமிடம் கூட்டுங்கள். கூடையில் மெதுவான உணவு எதுவோ அதன் நேரமே ஆர்டரின் நேரம். அதிலிருந்து ரைடர் ஓட்டலுக்குப் போகும் நேரத்தைக் கழித்துவிட்டு, அந்த நிமிடத்தில் அவரைக் கூப்பிட வேண்டும். பரோட்டாவுக்கு 12, ரைடர் வர 6 என்றால், ஆர்டர் ஏற்றதிலிருந்து 6-வது நிமிடம். இந்த மாற்றம் நிரலில் சில பத்து வரிகள்தான். விற்பவர் செய்து தர மறுத்தால் அந்தத் தொகுப்பை விட்டுவிடலாம்.

அடுத்தது அளவீடு. ரைடர் ஆப்பில் 'எடுத்துவிட்டேன்' என்ற பொத்தான் இருக்கும், 'ஓட்டலுக்கு வந்துவிட்டேன்' என்பது பலவற்றில் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம்தான் காத்திருப்பு. அந்தப் பொத்தான் இல்லாவிட்டால் எந்த ஓட்டல் உங்கள் காசைத் தின்கிறது என்று தெரியவே வராது. ஓட்டலைச் சுற்றி 100 மீட்டருக்குள் வந்தால் மட்டுமே அந்தப் பொத்தான் வேலை செய்யும்படி வைத்தால், தெரு முனையில் நின்றுகொண்டு தட்டுவதும் நின்றுவிடும்.

அளந்த பிறகு, வேகமான ஓட்டலுக்குக் கமிஷனைக் குறைத்துக் கொடுக்கலாம். மாதச் சராசரி 5 நிமிடத்துக்குள் இருந்தால் 12% என்று எழுதிக் கொடுங்கள். 250 ரூபாய்க்கு 7.50 குறையும். 12.94-ல் அது போனாலும் 5.44 நிற்கிறது, 10 நிமிடம் காக்க வைக்கும் ஓட்டல் முழு 15% கொடுத்தும் 2.94-தான் தருகிறது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினால் உடனே புரியும். பார்சலுக்குத் தனி ஆள் போடுவார். அதற்காகத் தொகுப்பில் ஓட்டல் வாரியாகக் கமிஷன் மாற்றும் வசதி இருக்க வேண்டும். இது பெரும்பாலும் இருக்கிறது.

மணி அடிக்காத போன்

ஆர்டர் வந்தும் ஓட்டலுக்குத் தெரியவில்லை என்பது இந்த ஆப்களின் மேல் வரும் முதல் புகார். காரணம் இரண்டு. ஒன்று, பழைய தொகுப்பு. கூகுளின் ஃபயர்பேஸ் அறிவிப்புச் சேவையில் பழைய 'சர்வர் கீ' முறை 2024-ல் மூடப்பட்டுவிட்டது. இன்னும் அந்தச் சாவியைக் கேட்கும் பேனல் என்றால் அறிவிப்பே போகாது. அதற்குப் பதிலாக வந்த சர்வீஸ் அக்கவுன்ட் கோப்பைக் கேட்கிறதா என்று டெமோவில் பாருங்கள். இரண்டு, ஓட்டலில் இருக்கும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன். பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் ஓடும் ஆப்பைக் கொன்றுவிடும். ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்து, பேட்டரியில் 'கட்டுப்பாடு இல்லை' என்று வைத்து, சார்ஜரில் போட்டே வைக்க வேண்டும். ஓட்டலைச் சேர்க்கும் நாளிலேயே உங்கள் ஆள் உட்கார்ந்து செய்துகொடுக்க வேண்டிய வேலை இது. அறிவிப்பு ஒலி ஒரு முறை 'டிங்' என்று அடித்து நின்றால் போதாது. வாணலிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஏற்கும் வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 90 நொடி தாண்டினால் அட்மினுக்குச் சிவப்பு விளக்கு, உடனே ஓட்டலுக்கு நேரே போன்.

தமிழ்

ஆப் திரையில் தமிழ் வருகிறது. பில்லில் உடைகிறது. பிடிஎஃப் உருவாக்கும் டோம்பிடிஎஃப் போன்ற நிரல்கள் தமிழின் கொம்பையும் காலையும் சரியாகச் சேர்ப்பதில்லை. 'கொத்து' என்பது எழுத்து சிதறி அச்சாகும். எம்பிடிஎஃப்புக்கு மாற்றினால் சரியாகும். சமையல்கட்டில் இருக்கும் தெர்மல் பிரின்டரில் தமிழ் எழுத்துருவே இருக்காது. பில்லைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் தாளில் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்தால் மாஸ்டர் பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்வார், தவறான பார்சல் போகும். ஆர்டர் தவறுவதில் கணிசமான பங்கு இந்தச் சின்னத் தாளில் இருக்கிறது.

தேடலும் அப்படியே. பரோட்டா, புரோட்டா, பொரோட்டா என்று எப்படித் தட்டினாலும் வர வேண்டும். ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதுவார்கள். ஒவ்வொரு உணவுக்கும் மாற்றுச் சொற்களைப் பதியும் இடம் இருந்தால் ஒரு நாள் வேலை. இல்லையென்றால் தேடிக் கிடைக்காமல் வெளியேறுகிறவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

மெனுவில் இன்னொன்று: கடையின் நேரத்தைப் பூட்டுவது போதாது, உணவின் நேரத்தைப் பூட்ட வேண்டும். டிபன் காலை 11 வரை, சாப்பாடு 12 முதல் 3 வரை, பரோட்டா மாலை 6-க்கு மேல். மீனுக்கு அன்றாட விலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வஞ்சிரமும் வவ்வாலும் வரத்து சுருங்கி விலை ஏறும். ஓட்டல்காரரே தன் ஆப்பில் விலையை மாற்ற முடிய வேண்டும், அட்மின் அனுமதிக்காகக் காத்திருக்கக் கூடாது. 'தீர்ந்துவிட்டது' என்பதும் ஒரே தட்டில் நடக்க வேண்டும். ஞாயிறு மதியம் 2 மணிக்குப் பிரியாணி அண்டா காலியாகும்போது நான்கு திரை தாண்டிப் போய் யாரும் மாற்றமாட்டார்கள்.

வரி

இங்கே தவறினால் அபராதத்தோடு கட்ட வேண்டியிருக்கும், ஆகையால் நிதானமாகப் படியுங்கள். 2022 ஜனவரி 1 முதல் ஆப் வழியாகப் போகும் ஓட்டல் சாப்பாட்டுக்கு 5% ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்டும் பொறுப்பு ஆப் நடத்துபவருடையது. அதையும் பணமாகவே கட்ட வேண்டும், உள்ளீட்டு வரிக் கழிவு (வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. உங்கள் விற்றுமுதல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தில் இதற்கென 3.1.1 என்ற கட்டம் இருக்கிறது.

வெளிநாட்டுச் சந்தையை நினைத்து எழுதிய தொகுப்புகளோ, வசூலித்த வரியை ஓட்டலின் கணக்கில் சேர்த்துப் பட்டுவாடா செய்துவிடும். மாதக் கடைசியில் அரசுக்குக் கட்ட உங்கள் கையில் காசு இருக்காது. யாருக்கு எவ்வளவு பட்டுவாடா என்று காட்டும் செட்டில்மென்ட் அறிக்கையை டெமோவில் திறந்து பாருங்கள். 250 ரூபாய் ஆர்டரில் வரி 12.50 உங்கள் பக்கம் நிற்க வேண்டும். ஓட்டலுக்குப் போக வேண்டியது 250-லிருந்து கமிஷன் 37.50, கமிஷன் மேல் 18% ஜிஎஸ்டி 6.75, வருமான வரிக்கான டிடிஎஸ் பிடித்தம் 0.1% ஆன 25 காசு போக, 205.50. டிடிஎஸ் 2024 அக்டோபர் 1-க்கு முன் 1% ஆக இருந்தது. பழைய தொகுப்பில் அந்த எண் அப்படியே கிடக்கும். டெலிவரிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18%.

எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டிப் புதுச்சேரி ஓட்டல்களையும் சேர்ப்பதானால் அது வேறு மாநிலக் கணக்கு. தமிழ்நாட்டின் ஜிஎஸ்டி குறியீடு 33, புதுச்சேரிக்கு 34. ஒரே பேனலில் இரண்டு எண்ணையும் வைத்துப் பில்லைப் பிரிக்கத் தெரியாத தொகுப்போடு எல்லை தாண்ட வேண்டாம்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் ஆப் நடத்துபவர் எடுக்க வேண்டியது மத்திய உரிமம். சேர்க்கும் ஒவ்வொரு ஓட்டலின் 14 இலக்க உரிம அல்லது பதிவு எண்ணையும் வாங்கிப் பக்கத்தில் காட்ட வேண்டும். எண் இல்லாத கடையைச் சேர்க்காதீர்கள், வீட்டுச் சமையலாக இருந்தாலும்.

ரைடர் ஆப், மேப், ஓடிபி

கையில் பணமாக வாங்கும் ஆர்டரில் ரைடரிடம் எவ்வளவு சேரலாம் என்ற வரம்பு பல தொகுப்புகளில் காலியாக இருக்கும். 1,500 ரூபாய் வையுங்கள். அதைத் தாண்டினால் பணமாக வாங்கும் அடுத்த ஆர்டர் வேறு ரைடருக்குப் போகட்டும். வாசலில் யுபிஐ கொடுப்பவருக்கு ஆர்டர் தொகையோடு கம்பெனி க்யூஆர் வர வேண்டும். ரைடரின் சொந்த எண்ணுக்கு வாங்குவது கணக்கையும் கெடுக்கும், அவர் மேல் வீண் சந்தேகத்தையும் கொண்டுவரும். ஒரே ஓட்டலில், ஒரே மண்டலத்துக்குப் போகும் இரண்டு ஆர்டரைச் சேர்த்துக் கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

மேப் செலவு மெல்ல ஏறும். முகவரி தேடலில் தட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் மேப் சேவைக்கு ஓர் அழைப்பு, ரைடர் நகர்வதைக் காட்டப் பத்து நொடிக்கு ஒரு வழிக் கணக்கு என்று எழுதியிருந்தால் பில் எகிறும். வழியை ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டு வண்டிப் புள்ளியை மட்டும் நகர்த்தினால் போதும். மேப் சேவையைத் திறக்கும் ஏபிஐ சாவியை உங்கள் ஆப்புக்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள், இல்லையேல் வேறு யாரோ உங்கள் செலவில் ஓட்டுவார்கள்.

ஓடிபி வரவில்லை என்றால் எஸ்எம்எஸ் அனுப்புவோரைப் பதியும் டிஎல்டி முறையைப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரும் செய்தி வாசகமும் முன்பதிவு ஆகியிருக்க வேண்டும். பதிந்த வாசகத்துக்கும் ஆப் அனுப்புவதற்கும் ஒரு புள்ளி மாறினாலும் செய்தி நின்றுவிடும்.

வாட்ஸப்போடு ஒப்பிட்டால்

முதல் இரண்டு மாதம் இந்தத் தொகுப்பே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. வாட்ஸப் பிசினஸ் கேட்டலாக்கில் 500 பொருள் வரை போடலாம். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் மட்டும், எட்டு ஓட்டல், மூன்று ரைடர், ஒரு கூகுள் ஷீட். ஷீட்டில் ஐந்து நேரம் மட்டும் எழுதுங்கள்: ஆர்டர் வந்தது, ஓட்டல் ஏற்றது, ரைடர் வந்தது, எடுத்தது, கொடுத்தது. இந்த ஐந்தும் இரண்டு மாதம் சேர்ந்தால் எந்த ஓட்டல் எத்தனை நிமிடம் காக்க வைக்கிறது என்று தெரிந்துவிடும். ஜிஎஸ்டி வாட்ஸப்புக்கும் உண்டு. கணக்காளரை முதலிலேயே பாருங்கள். ஒரு நாளைக்கு 60 ஆர்டரைத் தாண்டும்போது கையால் எழுதுவது திணறும். தொகுப்பை அப்போது வாங்குங்கள், சேர்த்த நேரக் கணக்கை முதல் நாளே பேனலில் ஏற்றுங்கள்.

வாங்கும்போது கடைசியாக ஒன்று. ப்ளே கன்சோல் (ப்ளே ஸ்டோரில் ஆப்பை வெளியிடும் கணக்கு), ஃபயர்பேஸ், மேப் சாவி, டொமைன், டிஎல்டி ஐந்தும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். ப்ளே கன்சோலுக்கு ஒரே ஒரு முறை 25 டாலர்தான். தனிநபர் பெயரில் புதிதாகத் திறந்தால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே ஆப் வெளிவரும், ஆகவே திறப்பு விழாத் தேதியை அதற்கேற்பக் குறியுங்கள். "எங்க கணக்குலயே போட்டுடுறோம் சார், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று விற்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் அவரை மாற்ற நினைக்கும்போது வாடிக்கையாளர் போனில் இருக்கும் ஆப் அவருடையதாக இருக்கும்.